தொட்டித் திருப்பத்தில் அம்மா

அத்தியாயம் 9

தட்டில் இன்னும் ஒரு முட்டை மிச்சமிருந்தது.

"சாப்பிடு" என்றாள் அம்மா.

"போதும்."

"போதுமா போதாதான்னு நான் சொல்றேன். நீ சாப்பிடு."

"இன்னும் கொஞ்ச நேரத்துல ஓடணும். இதையும் தின்னா பாதி வழியில வாந்தி வரும்."

"வரட்டும். அப்பவாவது நிப்பல்ல?"

துரும்பு தட்டைத் தள்ளினாள். அம்மா அதைத் திரும்ப இழுத்து அவள் முன்னால் வைத்தாள். முட்டை ஒருமுறை உருண்டு, தட்டின் விளிம்பில் மோதி நின்றது.

துரும்பு என்பது அவள் சொந்தப் பெயரில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லையே என்று அப்பா விளையாட்டாக வைத்தது. பார்க்க வந்த கல்லூரித் தோழிகள் காதில் அது விழுந்துவிட்டது. அதற்கப்புறம் மைதானம் முழுவதும் அவள் துரும்புதான். அப்பா பலமுறை தலையில் அடித்துக்கொண்டுவிட்டார். அம்மா மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு அவள் எப்போதும் "ஏய்."

ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை இப்படித்தான் இருக்கிறது. முதலில் மயக்கம் வந்தது. ரத்தத்தில் இரும்புச் சத்து அடியோடு குறைந்துவிட்டது என்றார்கள். அது சரியாகி மறுபடி ஓட ஆரம்பித்தபோது இடது கணைக்கால் எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. "இந்தப் பெண் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பிடுவதில்லை" என்றார் மருத்துவர். "உடம்புக்குக் கிடைப்பது போதாவிட்டால், எதை நிறுத்தினால் உயிர் போகாதோ அதை முதலில் நிறுத்திவிடும்." மாதவிலக்கு நின்று வெகுநாளாகியிருந்தது. ஓடுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரார் ரத்தத்தையெல்லாம் குழாயில் எடுத்துச் சோதிக்கிறவள், சொந்த மகள் மறைத்ததை இன்னொருவர் வாயால் கேட்டாள். அன்று இறுகிய முகம் அப்புறம் இளகவே இல்லை.

சென்ற வாரம் அதே மருத்துவர், "இனி பந்தயத்திலும் ஓடலாம்" என்றார். "வலித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்" என்றும் சொன்னார். துரும்பு முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். அம்மா இரண்டாவதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நான்கு நாளாக இடது காலில் ஏதோ இருந்தது. வலி என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் தன்னைக் காட்டிக்கொண்டது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"காலங்காத்தாலயே ரெண்டு பேரும் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வந்தார். அவர் பேருந்து ஓட்டுநர். இன்று அவருக்கு விடுப்பு நாள். விடுப்பு நாளில்கூட அவர் உட்காரும்போது நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிபார்த்துத்தான் உட்காருவார்.

"கிளம்புங்கப்பா. வழி காட்டற வீட்டு ஆளுங்க எல்லாரும் அவங்கவங்க திருப்பத்துல நேரத்துக்கு நிக்கணும்னு சார் சொல்லியிருக்காரு."

அப்பா சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, "நான் வெறுமனே வேடிக்கை பாக்க வரேன் பாப்பா. திருப்பத்துல அம்மா நிக்கிறாளாம்" என்றார்.

"யாரு?"

"நான்தான்" என்றாள் அம்மா. "லீவு போட்டாச்சு."

"இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நான் ஓடி நீ பாத்ததில்ல."

"இன்னைக்குப் பாக்கறேன்."

"எதுக்கு? எங்க விழறேன்னு பாக்கவா?"

"விழுந்தா தூக்க ஆள் வேணும்ல?"

துரும்பு முட்டையை எடுத்து அப்படியே முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே மென்றாள். கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு நின்றன.

"தண்ணி குடி" என்றாள் அம்மா. "அடைச்சுக்கும்."

*

கல்லூரிக்குப் பின்னால் ஒரு குன்று. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அதுதான் வகுப்பறை. பயிற்சியாளருக்கு உதவியாளர்கள் என்று யாரும் கிடையாது. குன்றைச் சுற்றித் திருப்பங்களோ நிறைய. அதனால் அவர் வந்த முதல் வருடமே ஒரு வழக்கம் ஏற்படுத்திவிட்டார்: ஓடுகிற ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். அந்த ஆள் ஒரு திருப்பத்தில் நின்று கை காட்ட வேண்டும்.

இன்று அணித் தேர்வு. ஆறு பேருக்கு இடம். துரும்புக்கு இது கடைசி வருடம். இன்று விட்டால், கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு ஓட அவளுக்கு இன்னொரு நாள் வராது.

பயிற்சியாளர் அம்மா அப்பாக்களையெல்லாம் வரிசையாக நிறுத்திக் கரகரத்த குரலில் பாடம் நடத்தினார்.

"கைய முழுசா நீட்டுங்க. பாதி நீட்டாதீங்க. நேத்து பேஞ்ச மழையில மேல சில இடம் வழுக்குது, வழிய மாத்தியிருக்கேன். அதனால பிள்ளைங்க மனசுல இருக்கிற வழி செல்லாது, உங்க கைதான் செல்லும். கைய மீறி ஓடறவ வெளிய. ஓடி வரும்போது மூளையெல்லாம் கால்லதான் இருக்கும். நீங்க காட்டற பக்கம் யோசிக்காம போகும்."

"வீட்டுல நாங்க காட்டற பக்கம் போறதே இல்லையே சார்" என்றார் ஒரு தகப்பனார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

குன்றின் இறக்கத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். முதல் சுற்றில் இடது பக்கம் திரும்பினால் குறுக்கே இறங்கி மைதானத்துக்கு வந்துவிடலாம். இரண்டாவது சுற்றில் வலது பக்கம் திரும்பி, குன்றின் முதுகைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். சிக்கலான திருப்பம் அது ஒன்றுதான்.

"தொட்டிக்கிட்ட நிதானமான ஆளா வேணும்" என்று பயிற்சியாளர் சுற்றிலும் பார்த்தார். "நீங்க என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"ரத்தம் எடுக்கிறேன்."

"அப்ப கை நடுங்காது. நீங்களே நில்லுங்க."

துரும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோட்டில் அவளுக்குப் பக்கத்தில் நெட்டை வந்து நின்றாள். துரும்பு படுத்தபோது காலியான இடத்தில் ஏறியவள். இறங்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

"என்ன துரும்பு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?"

"உனக்கா?"

"எனக்கு எதுக்கு? நான் ஓட வந்திருக்கேன்."

"நீ ஓடி நான் பாத்ததில்லையே. என் முதுகுக்குப் பின்னாலதான எப்பவும் இருப்ப."

விசில் ஒலித்தது.

முதல் சுற்று சுகமாகப் போனது. மண் ஈரமாக இருந்தது. கால் அதில் மெத்தென்று இறங்கியது. தொட்டியருகே அம்மா இடது பக்கம் கையை முழுசாக நீட்டிக்கொண்டு நின்றாள். வழிகாட்டிப் பலகையாவது காற்றில் ஆடும், அம்மா ஆடவில்லை. துரும்பு அவள் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்துத் திரும்பினாள்.

மைதானத்தில் அப்பா, "போடு! போடு! டாப் கியரைப் போடு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில், ஏற்றம் முடிந்து இறக்கம் ஆரம்பித்த இடத்தில், இடது கால் பேச ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு. பிறகு ஒவ்வோர் அடிக்கும் ஒரு குத்து. அவள் அடியைச் சுருக்கிப் பார்த்தாள். வலது காலில் பாரத்தைப் போட்டுப் பார்த்தாள். நெட்டையும் இன்னொருத்தியும் முன்னால் வளைவில் மறைந்துவிட்டார்கள். அவள் மூன்றாவது. பின்னால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத தூரத்தில் மற்றவர்கள். மூன்றாவது! இந்தக் குத்தை இன்னும் ஒரு குன்று தூரம் பொறுத்தால் போதும்.

வளைவு திரும்பினாள். தொட்டி தெரிந்தது. அம்மா தெரிந்தாள். அம்மாவின் கை வலது பக்கம் நீண்டிருந்தது. துரும்பு நெருங்க நெருங்க, அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். முகத்தைத்தான், காலை அல்ல.

அந்தக் கை கீழே இறங்கியது. மறு கை இடது பக்கம் நீண்டது.

துரும்புக்கு வழி தெரியும். நேற்று மாலை மழை விட்டதும், மாற்றிய வழியை நடந்து பார்த்திருக்கிறாள். இது இரண்டாவது சுற்று என்று தெரியும். வலது பக்க மண்ணில் முன்னால் போனவர்களின் காலடி புதிதாகப் பதிந்திருந்ததும் கண்ணில் பட்டது.

இடது பக்கம் திரும்பினாள்.

*

மைதானத்துக்குள் அவள் தனியாக வந்து இறங்கியதும் அப்பா கைதட்ட ஆரம்பித்தார். துள்ளித் துள்ளித் தட்டினார். பிறகு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. தட்டு மெதுவாகி, கடைசியில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன.

பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். குன்றைப் பார்த்தார்.

"எந்த வழியா வந்த?"

"கை காட்டின வழியா."

நெட்டை முதலாவதாக வந்து விழுந்தாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஆறாவதாக வந்த சின்னப் பெண், தான் ஆறாவது என்று தெரிந்ததும் தன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். துரும்பு ஏழாவது ஆளாகக்கூட இல்லை. அவள் எந்த எண்ணிலும் இல்லை.

"முன்னெல்லாம் பாதி வழியில மயங்கி விழுவா" என்றாள் நெட்டை, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி. "இப்ப பாதி வழியில ஜெயிச்சே காட்டிட்டா."

"எனக்கு இடதுன்னு காட்டினாங்க."

"எங்க எல்லாருக்கும் வலது. உனக்கு மட்டும் தனி ரோடு போட்டிருக்காங்களா?"

திருப்பங்களில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். அம்மா கடைசியில் வந்தாள். வேலை முடிந்து பரிசோதனைக் கூடத்திலிருந்து வருகிற அதே நடை.

"தொட்டிக்கிட்ட நின்னது நீங்கதானம்மா?" என்றார் பயிற்சியாளர். "ரெண்டாவது சுத்துல இவளுக்கு எந்தப் பக்கம் காட்டினீங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அவரே அவளைத் தேற்றுவது போலச் சொன்னார்: "தப்பா காட்டியிருந்தாலும் பரவால்ல, சொல்லிடுங்க. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் சொதப்பத்தான் செய்வாங்க. அடுத்த சனிக்கிழமை இவளத் தனியா ஓட விட்டுப் பாத்துக்கலாம். ஆறாவதா வந்தவளோட நேரத்தை முந்திட்டா இடம் இவளுக்கு."

"திரும்ப ஓடணுமா?"

"ஆமா."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

அம்மாவின் வாய் மூடியது. மறுபடி திறந்தபோது அவள் குரல் தெளிவாக இருந்தது.

"வலதுன்னுதான் காட்டினேன்."

"பொய்!" என்றாள் துரும்பு.

"பாப்பா, மெதுவா" என்றார் அப்பா.

"பொய் சொல்றா சார். வலது பக்கம் கைய நீட்டியிருந்தவ, என்னைப் பாத்ததும் மாத்தினா. வேணும்னே பண்ணினா."

"பெத்த அம்மா எதுக்கும்மா அப்படிப் பண்ணணும்?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த ஒரே பதில் இடது காலுக்குள் இருந்தது.

அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. ஓர் அடி முன்னால் வந்தாள். "சொல்லு. நான் ஏன் மாத்திக் காட்டணும்? காரணத்தை நீயே உன் வாயால சொல்லு. சொன்னா அடுத்த நிமிஷம் ஒத்துக்கிறேன்."

துரும்புக்கு முகம் கொதித்தது. "நான் ஓடறது உனக்குப் புடிக்கல. அதான் காரணம். நான் படுத்தே கெடந்தா உனக்கு நல்லது. தட்டை வெச்சு, எதிர்ல உக்காந்து, ஒவ்வொரு வாயா எண்ணிக்கிட்டே இருக்கலாம். உனக்கு மக வேணாம். நோயாளிதான் வேணும்."

யாரோ "ச்சே" என்றார்கள்.

அம்மா அசையவில்லை. "இதுவும் ஒரு காரணமா? வேற இருந்தா சொல்லு."

பயிற்சியாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கால்ல ஏதாவது இருக்கா?" என்றார்.

"இல்ல சார்."

பதில் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அது அவளுக்கே கேட்டது.

"அப்ப இடது கால்ல மட்டும் நில்லு. நின்ன இடத்துலயே பத்து தடவை குதி. எலும்புல விரிசல் இருந்தா ஒத்தக் கால்ல குதிக்க வராது, உனக்கே தெரியும். முகம் சுளிக்காம குதிச்சுட்டா, யார் எந்தக் கைய நீட்டினாங்கங்கிற பேச்சே வேணாம். அடுத்த வாரம் ஓடு."

துரும்பு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்தாள். வலது காலைத் தரையிலிருந்து எடுத்தாள்.

வெறும் நிற்பதற்கே அந்த இடம் குத்தியது. அவள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நேரே பார்த்தாள். நேரே அம்மா இருந்தாள்.

அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஒன்றரை வருடமாக எதைச் சொன்னாலும், எதை விட்டெறிந்தாலும், சாப்பிடாமல் கிடந்தாலும் மாறாத முகம். இப்போது மாறியிருந்தது. துரும்பு அதைப் பார்த்தாள். இதுவரை இல்லாத ஓர் ஆயுதம் கையில் வந்து சேர்ந்தது அவளுக்குப் புரிந்தது. அவள் முழங்காலை மடக்கினாள், குதிக்கப் போகிறவளைப் போல.

"வேணாம்!"

அம்மா பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்துத் தரையோடு அழுத்தினாள். வலது கால் மண்ணில் பட்டது.

"நான்தான் சார். நான்தான் இடதுன்னு காட்டிட்டேன். புதுசுதானே, கை மாறிப்போச்சு. கேட்டதும் சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க."

"கால்?"

அம்மா மகளைப் பார்த்தாள். அவளே சொல்வாள் என்று ஒரு நொடி காத்திருந்தாள். துரும்பு குனிந்து ஷூவைப் பார்த்தாள்.

"அது அவ கால் சார். அவளத்தான் கேக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள் துரும்பு.

பயிற்சியாளருக்குத் திருப்தியில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. "சரி. அடுத்த சனிக்கிழமை. ஆனா கோட்டுல நிக்கறதுக்கு முன்னாடி எனக்கு அந்தப் பத்தும் குதிச்சுக் காட்டணும். அம்மா, நீங்க வர வேணாம்."

"வீட்டுச் சண்டைய வீட்டுலயே முடிச்சுட்டு வரக்கூடாதா?" என்றாள் நெட்டை. ஆறாவதாக வந்த சின்னப் பெண் மறுபடி அழுதுகொண்டிருந்தாள். இந்த முறை அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. துரும்பையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

*

வீட்டுக்கு வரும் பேருந்தில் மூவரும் மூன்று இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். அப்பா ஒவ்வொரு நிறுத்தத்திலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இறங்கும் முன் எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்லப்பா."

"எங்கிட்டயாவது சொல்லு."

"உங்ககிட்ட சொன்னா அம்மாகிட்ட சொன்ன மாதிரிதானே?"

அவர் மறுக்கவில்லை. "உண்மைதான். எனக்கு வாய் நிக்காது" என்று ஒத்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்க் கை கழுவினாள். முழங்கை வரைக்கும், நோயாளியைத் தொட்டுவிட்டு வந்தவள் போலக் கழுவினாள். துரும்பு வாசலில் நின்றாள். சண்டை அவளுக்கு இன்னும் மிச்சமிருந்தது.

"நான் குதிச்சிருப்பேன்."

"தெரியும். அதான் ஒத்துக்கிட்டேன்."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்."

"ஆமா. வெச்சுக்கோ."

"வலிக்குதுன்னு யார் உனக்குச் சொன்னது? எக்ஸ்ரே மாதிரி பாத்தியா?"

அம்மா குழாயை மூடினாள். "உனக்கு எத்தனை தடவை ஊசி குத்தியிருக்கேன்? ஊசி உள்ள போகும்போது கீழுதட்டை உள்ள இழுத்துக்குவ. 'வலிக்கலையே'ன்னு சொல்லிக்கிட்டே இழுத்துக்குவ. அந்த மூஞ்சியோட ஓடி வந்த."

"அப்படின்னா சார்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே. ஏன் கையால திருட்டுத்தனம் பண்ணின?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? இல்லன்னு காட்டறதுக்காகவே காலை உடைச்சுக்கிட்டு ஓடியிருப்ப. இன்னைக்கு ஒத்தக் கால்ல நின்னல்ல, அதே மாதிரி."

துரும்பு இடது காலின் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு" என்றாள் அம்மா. துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நேத்து அந்த வழிய நடந்து பாத்துட்டுதானே வந்த? ரெண்டாவது சுத்து வலதுன்னு உனக்குத் தெரியும். நான் இடது காட்டினதும் ஏன் திரும்பின?"

"கைய மீறினா வெளியன்னு சார் சொல்லியிருக்காரு."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்."

"நான் காட்டற பக்கம் நீ போனது, பொறந்ததுலேர்ந்து இதுதான் முதல் தடவை" என்றாள் அம்மா. துண்டைக் கொடியில் போட்டாள். "எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

துரும்பு திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கூடத்தில் அப்பா தொலைக்காட்சியைப் போட்டார். சமையலறையில் பாத்திரம் உருண்டது. அவளுக்கு மைதானம் ஞாபகம் வந்தது. அம்மா பிடித்து நிறுத்தியிராவிட்டால் குதித்திருப்பாளா? குதித்திருப்பேன் என்று சமையலறை வாசலில் சொன்னது சுலபமாக இருந்தது. இந்த அறையில் அதை யாரிடம் சொல்வது?

சனிக்கிழமை எப்படியும் குதித்தாக வேண்டும். இப்போதே தெரிந்துகொண்டால் என்ன?

வலது காலைத் தூக்கினாள். குதித்தாள்.

தரை தொம்மென்றது. முழங்காலுக்குக் கீழே ஏதோ வெள்ளையாகப் பளீரிட்டு, தொடை வழியாக ஏறி, பல் வரைக்கும் வந்து நின்றது. அவள் அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கீழுதடு பல்லுக்குள் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள், வெளியே விட்டாள்.

தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. பாத்திரச் சத்தம் நின்றது. செருப்பில்லாத காலடி கூடத்தைக் கடந்து வந்து, கதவுக்கு வெளியே நின்றது. தட்டவில்லை.

பத்து தடவை என்று பயிற்சியாளர் சொன்னது அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. அவள் ஒன்றைக் கேட்டுவிட்டாள். இரண்டாவதற்காக நிற்கிறாள்.

துரும்பு கதவைப் பார்த்தாள். சாவித்துவாரம்கூட இல்லாத கதவு. இந்தப் பக்கம் எந்தக் கால் என்று அந்தப் பக்கம் யாருக்குத் தெரியும்?

மெல்ல இடது காலைத் தூக்கிக்கொண்டாள். வலது காலில் நின்றாள். குதித்தாள். மறுபடி, மறுபடி, நிதானமாக, விட்டுவிட்டு, பத்து முடியும்வரை குதித்தாள். அலமாரிமேல் இருந்த சீப்பு நழுவிக் கீழே விழுந்தது. நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

ஒற்றைக் காலிலேயே குனிந்து சீப்பை எடுத்து அலமாரிமேல் வைத்தாள். அம்மா போய்விட்டாள் என்று நினைத்தாள்.

"வலது கால் நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. குரலில் கோபமில்லை. "முதல்ல குதிச்சு ஒண்ணோட நிறுத்தினியே, அந்தக் காலுக்கு நாளைக்குக் காலைல ஸ்கேன் எடுக்கப் போறோமா? இல்ல, மீதி ஒன்பதையும் அதுலயே குதிக்கறியா? நான் இங்கதான் நிக்கிறேன். நீயே சொல்லு."

துரும்பு ஒற்றைக் காலில், தாழ்ப்பாள்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.